பிளாட்டினத்திலிருந்து யிக்குக்கு: மின்காப்பானுக்குள் நுழையும் ஸ்பின் ஓட்டம்

மின்சாரத்தை அறவே கடத்தாத ஒரு காந்தப் படிகத்தின் மீது சில நானோமீட்டர் தடிப்பில் பிளாட்டினத்தைப் படியவைத்து, அந்தப் பிளாட்டினத்தில் மட்டும் மின்னோட்டத்தைச் செலுத்தி அதன் மின்தடையை அளந்தால், கீழே இருக்கும் படிகத்தின் காந்தத் திசை எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்பதைப் பொறுத்து அந்த மின்தடை மாறுகிறது. மின்னோட்டத்தில் செல்லும் எலக்ட்ரான்களில் ஒன்றுகூடப் படிகத்துக்குள் போவதில்லை. பிளாட்டினம் தன்னளவில் காந்தப் பொருளும் அல்ல. மாற்றத்தின் அளவு ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் என்றாலும், நல்ல கருவிகள் உள்ள எந்த ஆய்வகத்திலும் அதைத் தெளிவாக அளந்துவிட முடியும். மின்னூட்டம் நுழையவே முடியாத ஓர் இடத்தைப் பற்றிய செய்தி மின்தடைக்கு எப்படி வந்து சேர்கிறது என்ற கேள்வியே இந்தப் பதிவின் பொருள்.

எலக்ட்ரானின் ஸ்பின்னைப் பயன்படுத்தும் ஸ்பின்ட்ரானிக்ஸ் என்ற இத்துறையைப் பற்றிய பொது அறிமுகங்கள் பெரும்பாலும் எதிர்காலக் கணினிகளைப் பற்றிய வாக்குறுதிகளோடு தொடங்குகின்றன. எனக்கு அவற்றைவிட மிகவும் பிடித்தது வேறொன்று: இரண்டு பொருள்கள் சந்திக்கும் எல்லையில், ஓரிரண்டு அணு அடுக்குகளுக்குள் நடப்பதை, வெளியிலிருந்து ஒரு மின்னழுத்தமானியையும் சுழற்றக்கூடிய ஒரு காந்தப் புலத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு ஆய்வாளர்கள் எப்படிப் பிரித்தறிந்தார்கள் என்பது. அந்தப் பிரித்தறிதல் எளிதாக நடந்துவிடவில்லை. சில ஆண்டுகள் நீடித்த கடுமையான விவாதம் ஒன்றும் அதில் அடக்கம்.

முதலில் உலோகத்தின் பக்கம் நின்று பார்ப்போம். எலக்ட்ரானுக்கு மின்னூட்டத்தோடு ஸ்பின் என்ற உள்ளார்ந்த கோண உந்தமும் உண்டு. சாதாரணச் செப்புக் கம்பியில் ஓடும் மின்னோட்டத்தில் மேல் ஸ்பின் எலக்ட்ரான்களும் கீழ் ஸ்பின் எலக்ட்ரான்களும் சம எண்ணிக்கையில் இருப்பதால், ஸ்பின்னின் நிகரப் பாய்வு என்று எதுவும் வெளிப்படுவதில்லை. பிளாட்டினம் போன்ற கனமான தனிமங்களில் நிலைமை வேறு. அங்கே எலக்ட்ரானின் ஸ்பின்னுக்கும் அதன் இயக்கத்துக்கும் இடையேயான இடைவினை வலுவாக இருப்பதால், ஓடும் எலக்ட்ரான்களில் ஒருவகை ஸ்பின் கொண்டவை ஒரு பக்கமாகவும் எதிர்வகை ஸ்பின் கொண்டவை மறுபக்கமாகவும் விலகுகின்றன. மின்னோட்டம் நீளவாக்கில் செல்ல, அதற்குச் செங்குத்தாக ஸ்பின் ஓட்டம் ஒன்று பிறக்கிறது. இந்த ஸ்பின் ஹால் விளைவை 1971-இல் சோவியத் இயற்பியலாளர்களான தியாகோனோவும் பெரெலும் கோட்பாட்டளவில் முன்வைத்தனர். குறைக்கடத்திகளில் அது நேரடியாகக் காணப்பட 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதன் தலைகீழ் வடிவம், அதாவது ஸ்பின் ஓட்டம் உள்ளே வந்தால் செங்குத்துத் திசையில் மின்னழுத்தம் தோன்றுவது, 2006-இல் பிளாட்டினத்தில் ஜப்பானின் எய்ஜி சைட்டோ குழுவால் காட்டப்பட்டது. இந்த இரு விளைவுகளும் சேர்ந்ததால் பிளாட்டினத் துண்டு ஒன்றே ஸ்பின் ஓட்டத்தை உண்டாக்கும் கருவியாகவும் அதைக் கண்டறியும் கருவியாகவும் ஆகிவிட்டது. பின்னால் வரும் எல்லாச் சோதனைகளும் இந்த ஒரு வசதியின் மேல்தான் நிற்கின்றன.

பிளாட்டினத்துக்கு ஒரு குறையும் உண்டு. ஸ்பின்னைப் பிறப்பிக்கும் அதே வலுவான இடைவினை, ஸ்பின்னை விரைவில் அழித்தும்விடுகிறது. ஒரு நானோமீட்டரிலிருந்து சில நானோமீட்டர் தொலைவுக்குள் ஸ்பின்னின் நினைவு கரைந்துபோகிறது. படலத்தைத் தடிப்பாக்கினால் கூடுதல் தடிப்பு முழுவதும் வெறும் மின்தடையாகவும் வெப்பமாகவும் மட்டுமே பயன்படுகிறது. அதனால்தான் இச்சோதனைகளில் பிளாட்டினத்தின் தடிப்பு பெரும்பாலும் பத்து நானோமீட்டரைத் தாண்டுவதில்லை.

காப்பானின் பக்கத்தில் நாயகன் யிட்ரியம் இரும்பு கார்னெட், சுருக்கமாக யிக். மூன்று யிட்ரியம், ஐந்து இரும்பு, பன்னிரண்டு ஆக்சிஜன் அணுக்கள் கொண்ட இந்த ஆக்சைடின் காந்தப் பண்பு 1956-இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெர்தோ, ஃபோரா ஆகியோரால் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கெல்லரும் கில்லியோவும் தனியே அதே இடத்துக்கு வந்து சேர்ந்தனர். நுண்ணலைக் கருவிகளில் வடிகட்டியாகவும் அலையியற்றியாகவும் அது பல பத்தாண்டுகளாக உழைத்துவருகிறது. அதன் ஆற்றல் இடைவெளி ஏறத்தாழ 2.8 எலக்ட்ரான் வோல்ட் என்பதால் அறை வெப்பநிலையில் மின்சாரம் கடந்து செல்வது பற்றிய பேச்சுக்கே இடமில்லை. காந்த ஒழுங்கு குலையும் கியூரி வெப்பநிலை சுமார் 560 கெல்வின். ஆகவே அறை வெப்பநிலையில் அதன் காந்தப் பண்பு உறுதியாக நிற்கிறது.

யிக்கில் உள்ள இரும்பு அயனிகள் ஒவ்வொன்றிலும் ஐந்து இணையற்ற எலக்ட்ரான்கள் உண்டு. ஐந்து அயனிகளில் மூன்று ஒரு திசையையும் இரண்டு எதிர்த்திசையையும் நோக்குவதால் ஓர் அயனியின் காந்தத் திருப்புத்திறன் மட்டும் மிச்சமாக நிற்கிறது. அந்த ஐந்து எலக்ட்ரான்களும் 3d என்ற எலக்ட்ரான் ஓட்டின் ஐந்து இடங்களையும் ஒவ்வொன்றாக நிரப்பியிருப்பதால் சுற்றுப்பாதைக் கோண உந்தம் சுழியாகிவிடுகிறது. காந்தத்துக்கும் படிக அதிர்வுகளுக்கும் உள்ள தொடர்பு இதனால் மிகவும் நலிந்துபோகிறது. கடத்து எலக்ட்ரான்களும் இல்லை. எனவே யிக்கில் காந்தத் திசையை ஒருமுறை அசைத்துவிட்டால், அந்த அசைவு அடங்க நெடுநேரம் ஆகிறது. தணிவைக் குறிக்கும் எண் நல்ல படிகங்களில் 10,000-இல் ஒன்றுக்கும் குறைவு. நிக்கல்-இரும்புக் கலவையான பெர்மலாயோடு ஒப்பிட்டால் இது நூறு மடங்குக்கும் மேலாகச் சிறியது.

காப்பானுக்குள் எலக்ட்ரான்கள் நகராமலே ஸ்பின் எப்படிப் பயணிக்கிறது என்பதற்கான விடை 1930-இல் ஃபெலிக்ஸ் பிளாக் கொடுத்த ஸ்பின் அலைகளில் இருக்கிறது. நெல் வயலில் காற்று வீசும்போது கதிர்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்து நிமிர, எந்தக் கதிரும் தன் வேரை விட்டு நகராமலே சாய்வு மட்டும் வயலின் மறுகோடிவரை போவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அயனிகள் தத்தம் இடத்திலேயே இருக்கின்றன. அவற்றின் காந்தத் திசையின் சாய்வுதான் அலையாகச் செல்கிறது. இந்த அலையின் குவாண்டம் துகளே மேக்னான். ஒரு மேக்னான் உருவாகும்போது காந்தத்தின் மொத்தக் கோண உந்தம் சரியாக ஒரு பிளாங்க் அலகு (குறைக்கப்பட்ட பிளாங்க் மாறிலி) குறைகிறது. ஒரு எலக்ட்ரானின் ஸ்பின் மேலிருந்து கீழாகத் திரும்பும்போது ஏற்படும் மாற்றமும் அதே ஓர் அலகுதான். இந்தக் கணக்கு இப்படித் துல்லியமாகப் பொருந்துவதால்தான் உலோகத்தின் நாணயத்தைக் காப்பானின் நாணயமாக மாற்ற முடிகிறது.

இந்த மாற்றம் நடக்கும் இடம்தான் இடைமுகம். பிளாட்டினத்தின் எலக்ட்ரான் அலை யிக்குக்குள் நுழைய முடியாது என்றாலும், அதன் வால் முதல் அணு அடுக்குக்குள் சற்றே நீண்டு, அங்கே இருக்கும் இரும்பு அயனிகளின் ஸ்பின்னோடு, அண்டை ஸ்பின்களைப் பிணைக்கும் குவாண்டம் விளைவான பரிமாற்ற இடைவினையைக் கொள்கிறது. அதில் இரண்டு வழிகள் உண்டு. பிளாட்டினத்தின் ஓரத்தில் குவிந்திருக்கும் ஸ்பின்னின் திசை, யிக்கின் காந்தத் திசைக்குச் செங்குத்தாக இருந்தால், அந்த ஸ்பின் முழுவதும் திருப்புவிசையாக மாறிக் காந்தத்தால் உறிஞ்சப்படுகிறது. இதன் வலிமையை ஸ்பின் கலப்புக் கடத்துமை என்ற அளவால் குறிக்கிறார்கள். அந்தக் கருத்தை 2000-ஆம் ஆண்டு பிராட்டாஸ், நசரோவ், பவர் ஆகியோர் உருவாக்கினார்கள். குவிந்த ஸ்பின்னும் காந்தத் திசையும் ஒரே கோட்டில் இருந்தால் திருப்புவிசை இல்லை. அப்போது எலக்ட்ரான் தன் ஸ்பின்னைத் திருப்பிக்கொண்டு ஒரு மேக்னானைப் பிறப்பிக்கலாம், அல்லது ஏற்கெனவே இருக்கும் ஒன்றை விழுங்கலாம். இந்த இரண்டாம் வழி வெப்பத்தால் எழும் மேக்னான்களை நம்பியிருப்பதால் வெப்பநிலை குறையக் குறைய அடைபட்டுப்போகிறது. முதல் வழிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. பல சோதனைகளின் முடிவுகள் முரண்படுவதுபோலத் தோன்றும்போது, எந்த வழி அங்கே வேலை செய்கிறது என்று கேட்டால் பாதிக் குழப்பம் நீங்கிவிடும் என்பது என் அனுபவம்.

எதிர்த்திசையிலும் இதே எல்லை திறக்கிறது. நுண்ணலையால் யிக்கின் காந்தத் திசையைப் புலத்தைச் சுற்றிக் கூம்பு வடிவில் சுழலவைத்தால், அது பக்கத்திலுள்ள உலோகத்துக்குள் ஸ்பின்னைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. இந்த ஸ்பின் இறைப்புக்கான கோட்பாட்டை 2002-இல் செர்கோவ்னியாக், பிராட்டாஸ், பவர் மூவரும் அளித்தனர். அதற்கு முந்தைய ஆண்டே, பெர்மலாய்ப் படலத்தின்மேல் பிளாட்டினத்தைப் பூசினால் அதன் ஒத்ததிர்வுக் கோடு, அதாவது அது நுண்ணலையை உறிஞ்சும் வரம்பு, அகலமாவதை ஜப்பானில் மிசுகாமி குழுவினர் அளந்திருந்தார்கள். சுழலும் காந்தம் தன் கோண உந்தத்தைப் பக்கத்து உலோகத்துக்கு இழப்பதால் அதன் சுழற்சி விரைவாகத் தணிகிறது, கோடு அகலமாகிறது. காந்தப் படலம் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவுக்கு இந்தக் கூடுதல் தணிவு பெரிது என்பதே அது எல்லையில் நடக்கும் இழப்பு என்பதற்குச் சான்று.

காப்பானுக்கும் இது பொருந்தும் என்பதை உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுவந்தது 2010-இல் நேச்சர் இதழில் வந்த கஜிவாராவின் கட்டுரை. செண்டாய் நகரின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் சைட்டோவின் வழிகாட்டலில் நடந்த ஆய்வு அது. யிக் படலத்தின்மேல் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு பிளாட்டினத் துண்டுகளை வைத்து, ஒன்றில் மின்னோட்டம் செலுத்தி, மற்றொன்றில் மின்னழுத்தம் தோன்றுவதை அவர்கள் காட்டினார்கள். நடுவில் இருந்தது காப்பான் மட்டுமே. அந்தக் கட்டுரை திறந்த கதவு மிகப் பெரியது என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் தடிப்பான யிக் படலத்தில் நேர் மின்னோட்டத்தால் காந்தத்தைத் தானாகவே அலைவுறச் செய்யும் அந்தப் பகுதியை மற்ற ஆய்வகங்கள் மீண்டும் பெறுவது மிகக் கடினமாக இருந்தது. பிறகு யிக்கை இருபது நானோமீட்டர் அளவுக்கு மெலிதாக்கி, மைக்ரோமீட்டர் அளவிலான வட்டுகளாகச் செதுக்கிய பிறகுதான், 2016-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பிளாட்டினத்தில் ஓடும் மின்னோட்டத்தால் யிக்கின் தணிவை முழுதாக ஈடுசெய்து அலைவை எழுப்பும் சோதனைகள் உறுதியாக நடந்தன. எல்லையில் நடக்கும் விளைவு பெரிதாகத் தெரிய வேண்டுமானால் உடலைச் சிறிதாக்க வேண்டும் என்ற எளிய காரணமே இதற்குப் பின்னால் இருக்கிறது.

எல்லையின் தூய்மை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கட்டுரைகளில் இது செய்முறைப் பகுதியின் ஓரிரு வரிகளில் ஒதுக்கப்பட்டுவிடுகிறது. 2010-இன் தொடக்க மதிப்பீடுகளில் யிக்-பிளாட்டினம் எல்லையின் ஸ்பின் கலப்புக் கடத்துமை மிகவும் சிறியதாக இருந்தது. காப்பான் என்பதால் அது இயல்பே என்று பலர் எண்ணினார்கள். 2011-இல் யிக்-வெள்ளி எல்லைக்கு நடத்தப்பட்ட அடிப்படைக் கணக்கீடு, காந்த உலோகங்களோடு ஒப்பிடத்தக்க அளவுக்கு அது உயர்ந்திருக்க வேண்டும் என்று சொன்னது. கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் ஹைன்ரிக்கின் குழு யிக்கின் மேல் தங்கத்தைப் படியவைத்து ஆராய்ந்தது. உலோகத்தைப் படியவைப்பதற்கு முன் யிக்கின் மேற்பரப்பை ஆர்கான் அயனிகளால் மென்மையாகச் சுரண்டியபோது ஸ்பின் கடத்தல் பல மடங்கு உயர்ந்து, கணக்கீடு சொன்ன மதிப்பை நெருங்கியது. அதுவரை அளக்கப்பட்டது யிக்கின் இயல்பை அன்று, அதன்மேல் படிந்திருந்த அழுக்கை. காற்றில் சிறிது நேரம் கிடந்தாலே மேற்பரப்பில் நீரும் கரிமச் சேர்மங்களும் ஒட்டிக்கொள்கின்றன. ஓர் அணு அடுக்கின் தூய்மைதான் முழுச் சோதனையின் தரத்தையும் தீர்மானிக்கிறது. ஒரு மாதிரியில் கிடைத்த எண்ணை மற்றொரு மாதிரியோடு ஒப்பிடுவதற்கு முன் மேற்பரப்பு எப்படித் தயாரிக்கப்பட்டது என்று கேட்காத ஒப்பீடு எதையும் நான் நம்புவதில்லை.

இனி விவாதத்துக்கு வருகிறேன். 2010-இல் தோஹோகுக் குழுவைச் சேர்ந்த உச்சிதாவும் சகாக்களும் மற்றொரு முடிவை வெளியிட்டார்கள். காந்தக் காப்பானில் வெப்பநிலை வேறுபாட்டை ஏற்படுத்தினால், மேலிருக்கும் பிளாட்டினத்தில் மின்னழுத்தம் தோன்றுகிறது. வெப்பம் மேக்னான்களை நகர்த்துகிறது, மேக்னான்கள் எல்லையில் ஸ்பின்னை ஒப்படைக்கின்றன, பிளாட்டினம் அதை மின்னழுத்தமாக்குகிறது என்பது அவர்கள் விளக்கம். இதற்கு ஸ்பின் சீபெக் விளைவு என்று பெயர். 2012-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சியென்னின் குழு கடுமையான எதிர்வாதம் ஒன்றை முன்வைத்தது. பிளாட்டினம் காந்தமாகும் விளிம்பில் நிற்கும் உலோகம். காந்தப் பொருள் ஒன்றைத் தொட்டவுடன் அதன் கடைசி அடுக்குகள் தாமே காந்தமாகிவிடக்கூடும். அப்படியானால் அந்த மின்னழுத்தம் காப்பானிலிருந்து வந்த ஸ்பின் ஓட்டம் அல்ல. காந்தமான பிளாட்டினத்துக்குள்ளேயே எழும் நெர்ன்ஸ்ட் விளைவாக, அதாவது காந்த உலோகத்தில் வெப்பநிலைச் சரிவுக்குச் செங்குத்தாக மின்னழுத்தம் தோன்றும் விளைவாக, இருக்கலாம். அளவிடும் அமைப்பில் இரண்டும் ஒரே திசையில், ஒரே வடிவில் மின்னழுத்தத்தைத் தருகின்றன என்பதால் இந்த ஐயத்தை எவராலும் எளிதில் ஒதுக்கிவிட முடியவில்லை.

இந்த எதிர்வாதம் இத்துறைக்குக் கிடைத்த பெரிய நன்மை என்று நான் கருதுகிறேன், ஏனெனில் அதன்பின் வந்த சோதனைகள் எல்லாம் கூர்மையடைந்தன. ஜெர்மனியின் கார்ஷிங்கில் உள்ள வால்தர் மைஸ்னர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கிரெனோபிளில் உள்ள சின்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கியின் எக்ஸ் கதிர்களைக் கொண்டு பிளாட்டின அணுவில் தூண்டப்பட்ட காந்தம் இருக்கிறதா என்று தேடினார்கள். அளவிடத்தக்க எதுவும் அவர்களின் மாதிரிகளில் தென்படவில்லை. வேறொரு குழு தன் மாதிரிகளில் சிறிதளவு காந்தம் இருப்பதாக அறிவித்தது. மாதிரிகளின் எல்லைகள் வெவ்வேறாக இருக்கும்வரை இந்த வேறுபாட்டில் வியப்பில்லை. எனக்கு மிகவும் மனநிறைவு தந்த சோதனை 2013-இல் கிக்காவாவும் சகாக்களும் செய்தது. யிக்குக்கும் பிளாட்டினத்துக்கும் நடுவே செப்புப் படலம் ஒன்றை வைத்தார்கள். செம்பு காந்தமாகும் விளிம்பில் இருப்பதல்ல. ஆனால் ஸ்பின்னைப் பல பத்து நானோமீட்டர் தொலைவுக்கு இழக்காமல் கொண்டுசெல்லக்கூடியது. பிளாட்டினம் காந்தத்தைத் தொடவே இல்லை, ஆனாலும் மின்னழுத்தம் தோன்றியது. காந்தத் திசையையும் வெப்பநிலைச் சரிவின் திசையையும் மாற்றிமாற்றி வைத்து, நெர்ன்ஸ்ட் பங்களிப்பு எவ்வளவு இருக்க முடியும் என்பதையும் தனியே அளந்து, அது மிகச் சிறியது என்று காட்டினார்கள். இதனோடு, ஸ்பின் ஹால் கோணத்தின் (மின்னோட்டம் ஸ்பின் ஓட்டமாக மாறும் விகிதத்தின்) குறி எதிராக உள்ள டான்டலத்தையும் டங்ஸ்டனையும் பிளாட்டினத்துக்குப் பதிலாகப் பயன்படுத்தினால் மின்னழுத்தத்தின் குறியும் திரும்புகிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், ஸ்பின் ஓட்டமே முதன்மைக் காரணம் என்ற முடிவைத் தவிர்ப்பது கடினம்.

இந்தப் பதிவின் தொடக்கக் கேள்விக்கான விடையும் அதே ஆண்டில்தான் வந்தது. ஸ்பின் ஹால் காந்தத்தடை என்று அழைக்கப்படும் விளைவை நாகயாமாவும் சகாக்களும் 2013-இல் வெளியிட்டார்கள். தோஹோகு, கார்ஷிங், டெல்ஃப்ட் ஆகிய இடங்களின் ஆய்வாளர்கள் அதில் சேர்ந்து உழைத்தார்கள். பிளாட்டினத்தில் மின்னோட்டம் நீளவாக்கில் செல்கிறது என்று கொள்வோம். ஸ்பின் ஹால் விளைவால் மேலும் கீழும் ஸ்பின் ஓட்டம் எழுகிறது. அந்த ஸ்பின் படலத்தின் குறுக்குத் திசையை நோக்கியிருக்கும். கீழ் எல்லையை அடையும் ஸ்பின்னுக்கு இரண்டு கதிகள். யிக்கின் காந்தமும் அதே குறுக்குத் திசையில் இருந்தால் திருப்புவிசை இல்லாததால் ஸ்பின்னின் பெரும்பகுதி எதிரொலித்துத் திரும்புகிறது. திரும்பிய ஸ்பின் ஓட்டம் தலைகீழ் ஸ்பின் ஹால் விளைவால் மீண்டும் மின்னோட்டமாகி, முதலில் செலுத்திய மின்னோட்டத்தோடு சேர்ந்துகொள்கிறது. மின்தடை சற்றுக் குறைகிறது. யிக்கின் காந்தம் குறுக்குத் திசைக்குச் செங்குத்தாக இருந்தாலோ ஸ்பின் உறிஞ்சப்படுகிறது, திரும்பி வருவது குறைகிறது, மின்தடை உயர்கிறது. காப்பானின் காந்தத் திசை பிளாட்டினத்தின் மின்தடைக்குத் தெரியவரும் வழி இதுவே.

இதன் அழகு முழுவதும் சமச்சீரில் இருக்கிறது. சாதாரணக் காந்த உலோகங்களிலும் காந்தத் திசையோடு மின்தடை மாறும். அங்கே கணக்கில் வருவது காந்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் இடையே உள்ள கோணம். பிளாட்டினம் காந்தமாகியிருந்தால் அந்த விளைவுதான் தென்பட வேண்டும். காந்தப் புலத்தைப் படலத்தின் தளத்திலேயே சுழற்றினால் இரண்டு விளக்கங்களும் ஒரே வளைகோட்டைத் தருகின்றன, எதையும் தீர்மானிக்க முடியாது. மின்னோட்டத்துக்குச் செங்குத்தான தளத்தில் புலத்தைச் சுழற்றினால், காந்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் இடையிலான கோணம் எப்போதும் தொண்ணூறு பாகையாகவே இருப்பதால் சாதாரண விளைவு மாறாது; ஆனால் ஸ்பின் ஹால் காந்தத்தடை மாற வேண்டும். மின்னோட்டமும் படலத்தின் செங்குத்தும் சேர்ந்த தளத்தில் சுழற்றினால், குறுக்குத் திசைக் கூறு எப்போதும் சுழியாக இருப்பதால் சாதாரண விளைவு மாறும். ஸ்பின் ஹால் காந்தத்தடை அசையாது. யிக்-பிளாட்டினத்தில் கண்டது இரண்டாம் தளத்தில் தெளிவான மாற்றமும் மூன்றாம் தளத்தில் ஏறத்தாழ நேர்கோடும். எந்த ஒரு எண்ணின் துல்லியத்தையும் சாராமல், எது மாறுகிறது எது மாறவில்லை என்பதை வைத்தே ஒரு பொறிமுறையை மற்றொன்றிலிருந்து பிரிக்கும் இந்த வகைச் சோதனை இயற்பியலில் எனக்கு எப்போதும் மிக உயர்ந்ததாகத் தோன்றுகிறது. பின்னாளில் எதிர் ஃபெர்ரோ காந்தமான நிக்கல் ஆக்சைடின் மேல் பிளாட்டினத்தை வைத்தபோது இதே விளைவு எதிர்க்குறியோடு வந்தது. அங்கே எதிரெதிர்த் திசைகளை நோக்கும் அயனிக் குழுக்களான உள்ளணிகளின் ஸ்பின்கள் புலத்துக்கு இணையாக நிற்காமல் செங்குத்தாகத் திரும்புவதால் அப்படித்தான் வர வேண்டும். வெளியே நிகரக் காந்தமே காட்டாத பொருளின் உள்திசையை வெறும் மின்தடை அளவீட்டால் படிக்க முடிந்தது பெரிய முன்னேற்றம்.

2015-இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் வான் வீஸின் குழுவைச் சேர்ந்த கார்னெலிசனும் சகாக்களும் மேக்னான்களின் பயணத்தையே அளந்தார்கள். யிக்கின்மேல் மெல்லிய பிளாட்டினக் கீற்றுகள் இரண்டு. ஒன்றில் குறைந்த அதிர்வெண் மாறுமின்னோட்டம். மற்றொன்றில், குறிப்பிட்ட அதிர்வெண்ணில் வரும் சமிக்ஞையை மட்டும் பிரித்தெடுக்கும் லாக்-இன் பெருக்கியால் மின்னழுத்த அளவீடு. மின்னோட்டத்தோடு நேர்விகிதத்தில் மாறும் பகுதி முதல் சீரிசையில், அதாவது செலுத்திய அதிர்வெண்ணிலேயே, வருகிறது: அது ஸ்பின் ஹால் விளைவால் நேரடியாகச் செலுத்தப்பட்ட மேக்னான்களின் குரல். மின்னோட்டத்தின் இருமடியோடு மாறும் பகுதி இரண்டாம் சீரிசையில், அதாவது அதன் இருமடங்கு அதிர்வெண்ணில், வருகிறது: அது கீற்றின் வெப்பத்தால் எழுந்த ஸ்பின் சீபெக் மேக்னான்களுடையது. ஒரே கருவியில், ஒரே நேரத்தில், மின்வழி எழுந்ததும் வெப்பவழி எழுந்ததும் தனித்தனியே பிரிந்துவிடுகின்றன. கீற்றுகளுக்கு இடையிலான தொலைவை 40 மைக்ரோமீட்டர் வரை மாற்றிப் பார்த்தபோது, அருகில் சாதாரணப் பரவலுக்குரிய மெதுவான குறைவும், தொலைவில் அடுக்குக்குறிக் குறைவும் தெரிந்தன. அறை வெப்பநிலையில் மேக்னானின் பரவல் நீளம் ஏறத்தாழ 9.4 மைக்ரோமீட்டர் என்று கிடைத்தது. பிளாட்டினத்தில் நானோமீட்டர்களில் அழிந்துபோகும் அதே கோண உந்தம், எல்லையைத் தாண்டிக் காப்பானுக்குள் போனவுடன் ஆயிரக்கணக்கான மடங்கு தொலைவுக்கு உயிரோடு இருக்கிறது. மின்வழிச் செலுத்தப்பட்ட சமிக்ஞை குளிரக் குளிர மறைந்துபோவது, முன்னே சொன்ன இரண்டாம் வழி வெப்ப மேக்னான்களை நம்பியிருக்கிறது என்ற கோட்பாட்டோடு பொருந்துகிறது. 2018-இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் லெப்ரனும் கிளாய் குழுவினரும் இரும்பு ஆக்சைடான ஹேமடைட்டில், அதாவது எதிர் ஃபெர்ரோ காந்தக் காப்பானில், இதே வகைப் பயணத்தைப் பல பத்து மைக்ரோமீட்டர்களுக்குக் காட்டினார்கள்.

பயன்பாடு பற்றிக் கேட்பவர்களுக்கு நேராகவே சொல்ல விரும்புகிறேன். எலக்ட்ரான் ஓடாததால் காப்பானுக்குள் மின்தடையால் எழும் ஜூல் வெப்பம் இல்லை என்பது உண்மை. அதை வைத்து வெப்பமே இல்லாத மின்னணுவியல் என்று எழுதுவது சரியன்று. ஸ்பின்னைச் செலுத்தும் பிளாட்டினக் கீற்றில் வெப்பம் தாராளமாக எழுகிறது, மறுமுனையில் கிடைக்கும் மின்னழுத்தமோ மிகச் சிறியது. செலுத்தும்போது ஒருமுறை, எல்லையைக் கடக்கும்போது இருமுறை, மீண்டும் மின்னழுத்தமாக்கும்போது ஒருமுறை என இழப்புகள் ஒன்றோடொன்று பெருக்கப்படுகின்றன. தகவலை அனுப்புவதைவிட, காப்பானின் காந்தத் திசையைத் திருப்பிவைக்க இந்த எல்லையைப் பயன்படுத்துவதே எனக்கு நெருங்கிய வாய்ப்பாகத் தெரிகிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அவ்ஜியும் சகாக்களும் 2017-இல் தூலியம் இரும்பு கார்னெட்டின் காந்தத்தை, மேலிருக்கும் பிளாட்டினத்தில் ஓடும் மின்னோட்டத்தால் மட்டும் மேலும் கீழுமாகத் திருப்பிக்காட்டினார்கள். திருப்பியதைப் படித்தறியவும் அதே பிளாட்டினமே போதுமானதாக இருந்தது.

இன்னும் தெளிவாகாத பகுதி, இந்தப் படலங்களைத் தாங்கும் அடித்தளத்தில் இருக்கிறது. நல்ல யிக் படலங்கள் கடோலினியம் கேலியம் கார்னெட் என்ற படிகத்தின் மேல்தான் வளர்க்கப்படுகின்றன, இரண்டின் அணிக்கோவை அளவுகளும் (அணுக்கள் அடுக்கப்பட்ட இடைவெளிகளும்) ஏறத்தாழ ஒன்றே என்பதால். அது காந்த ஒழுங்கு இல்லாத வெறும் தாங்கி என்றே நெடுங்காலம் கணக்கில் கொள்ளப்பட்டது. 2019-இல் ஓயனாகியும் சகாக்களும் யிக்கே இல்லாமல், இந்தப் படிகத்தின் மேல் நேரடியாகப் பிளாட்டினக் கீற்றுகளை வைத்து, சில கெல்வின் வெப்பநிலையிலும் வலிமையான புலத்திலும் ஸ்பின் அதற்குள் மைக்ரோமீட்டர் அளவுக்குப் பயணிப்பதைக் காட்டினார்கள். அங்கே ஸ்பின்களைப் பிணைக்கும் பரிமாற்ற இடைவினை மிகவும் நலிந்தது. பிணைப்பாக முன்வைக்கப்படுவது, தொலைவிலிருந்தே ஒன்றையொன்று உணரும் இருமுனை இடைவினை. அப்படியானால் தாழ்ந்த வெப்பநிலையில் யிக் படலங்களில் அளக்கப்பட்ட முடிவுகளில் எவ்வளவு யிக்குடையது, எவ்வளவு அதன் அடியில் இருக்கும் படிகத்துடையது என்பதை ஒவ்வொரு மாதிரிக்கும் தனியே பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.